தரையிலிருந்து ஒரு முழம்

நாகமலை புதுக்கோட்டை,
9-1-2025

அன்புள்ள தம்பி ஜூடுக்கு,

அக்கா தங்கம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நீயும் பெர்சியும் கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வதோதராவுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பெர்சியின் முட்டு வலிக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தை மறக்காமல் தேய்க்கச் சொல்.

நீ போனில் அனுப்பிய நாலு வரியைப் படித்தேன். எதிர்வீட்டுச் சோணையம்மாள்தான் உனக்குப் போன் போட்டாள் என்று தெரியும். அவளே வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். நடந்தது இவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்துவிட்டது. நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது மந்தம், கேஸ் சீறுவது கேட்கவில்லை. பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவள் வாசலிலேயே கூச்சல் போட்டு, உள்ளே ஓடி அடுப்பை அடைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இதற்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னோடு வதோதராவுக்கு வந்துவிட வேண்டுமா?

சோணையம்மாள் எதற்கும் ஊரைக் கூட்டுகிறவள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெர்சி வெளியே போயிருந்தபோது நாம் ரெண்டு பேரும் ருசித்துச் சாப்பிட்ட தேங்காய் அரைத்த மீன்குழம்பை, ஊசிப்போச்சு என்று சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினவள்தானே. நமக்கு ஒன்றும் ஆகவில்லையே.

முப்பத்தொரு வருஷம் பி.டி. டீச்சராக விசில் ஊதினவள் நான். இப்போதும் காலையில் பல்கலைக்கழக மைதானத்தில் பதினாறு பெண்கள் என் விசிலுக்குக் கை தூக்குகிறார்கள். வதோதராவில் நான் யாருக்கு ஊதுவது? இந்த வீட்டுக்கு ஒவ்வொரு செங்கலும் நான் நின்று இறக்கினது. இங்கேதான் இருப்பேன்.

பதிலைக் கடிதமாகவே எழுது. போனில் நீ கத்துவதும் நான் முழிப்பதும் நமக்கு ஒத்துவராது. தட்டி எழுதவோ எனக்குப் பொறுமை இல்லை, திட்ட நினைத்ததில் பாதி மறந்துபோகிறது.

பெர்சிக்கு என் அன்பு.

அக்கா,
தங்கம்


வதோதரா,
22-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூடு எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் உடம்பு, ரத்த அழுத்தம், காலை விசில் எல்லாம் நலமா? தைலம் பாதி தீர்ந்துவிட்டது. பெர்சி உங்களை வாழ்த்துகிறாள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சண்டைக்கு வரவில்லை. உரத் தொழிற்சாலையில் கேஸ் கசிவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்வதுதான் இருபத்தாறு வருஷமாக என் வேலை. அடுத்தவர்களுக்குச் செய்வதை என் அக்காவுக்குச் செய்யக் கூடாதா? ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் கேஸுக்கு ஒன்று, புகைக்கு ஒன்று, தரையில் தண்ணீர் நின்றால் சொல்ல ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய சிவப்பு விளக்கு. உங்களுக்குச் சத்தம் கேட்காது என்பதால் விளக்கு. அது மின்னும்போது என் போனிலும் செய்தி வரும்.

கேஸ் கருவியை மட்டும் கவனமாக மாட்டச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஒரு முழம், அதற்கு மேல் கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படுத்துக் கிடக்கும். விளக்கு மின்னினால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். சிலிண்டரை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், வெளியே போய் விசில் ஊதுங்கள். இது உங்களுக்கு நான் கொடுக்கிற டிரில்.

ஆறு மாதம் இது ஒழுங்காக நடந்தால் வதோதராப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். நடக்கவில்லை என்றால் வந்துவிட வேண்டும். சம்மதமா?

ஒன்று கேட்க வேண்டும். அன்று வாசலில் நின்ற சோணையம்மாவுக்கு கேஸ் நாற்றம் அடித்திருக்கிறது. வீட்டுக்குள் இருந்த உங்களுக்கு ஏன் அடிக்கவில்லை?

அன்புத் தம்பி,
ஜூடு


நாகமலை புதுக்கோட்டை,
7-2-2025

அன்புள்ள ஜூடுக்கு,

இங்கே நான் சுகம், அங்கே நீங்கள் சுகம்தானே. நாகமலைப் பக்கம் பனி இன்னும் விடவில்லை. மைதானத்தில் பதினாறு பேரில் ஒன்பது பேர்தான் வருகிறார்கள், மற்றவர்கள் போர்வைக்குள்.

பார்சல் வந்தது. நேற்று எலக்ட்ரீஷியன் பேயாண்டி வந்து மாட்டிக்கொடுத்தான். நான் எட்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்துக்கு இழுத்துப்போன பையன், இப்போது தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏற மூச்சு வாங்குகிறான். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் போடுவதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. கேஸ் கருவிக்கு உன் கடிதத்தை விரித்துவைத்து, என் கையாலேயே ஒரு முழம் அளந்து காட்டினேன்.

"டீச்சர், இம்புட்டு கீழ வச்சா நீங்க சனிக்கெழமை ஊத்துற தண்ணில இது மெதக்கும்" என்றான்.

"மாட்டு, பேசாத" என்றேன்.

புகைக் கருவிக்கு ஊதுபத்தியைக் காட்டினோம், விளக்கு மின்னியது. தண்ணீர்க் கருவி மேல் ஒரு கரண்டி தண்ணீர் விட்டோம், அதற்கும் மின்னியது. உனக்கும் வந்திருக்கும். ஆறு மாதம் என்றாயே, நேற்றிலிருந்து எண்ணிக்கொள். எனக்குச் சம்மதம்.

வேறு விசேஷம் இல்லை. பெர்சி அந்தத் தைலத்தைச் சுடவைத்துத் தேய்த்தால் இன்னும் நன்றாகக் கேட்கும்.

அக்கா,
தங்கம்


வதோதரா,
3-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே அங்கும் இருக்க வேண்டுகிறோம்.

பிப்ரவரி 8, சனிக்கிழமை காலை ஏழு பத்து. நான் தொழிற்சாலை வாசலில் இருந்தேன். 'தங்கம் அக்கா வீடு, சமையலறை, தரையில் தண்ணீர்' என்று போன் அலறியது. குழாய் உடைந்துவிட்டதோ, நீங்கள் வழுக்கி விழுந்துவிட்டீர்களோ என்று பதறிப்போனேன். சோணையம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் உங்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணுமில்ல தம்பி, டீச்சரு வீடு கழுவுறாக."

அடுத்த சனிக்கிழமையும் ஏழு பத்து. அதற்கடுத்ததும். நேற்று முன்தினம் நாலாவது முறை. ஒவ்வொரு தடவையும் வீடு கழுவுகிறீர்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் போன் போட்டேன். ஒருவேளை இன்றைக்கு நிஜமாக இருந்தால் என்ற பயம். சோணையம்மா இப்போது நான் பேசுவதற்கு முன்பே "கழுவுறாக" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறார்.

துடைத்தால் போதாதா அக்கா?

போன கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறந்திருப்பீர்கள். அன்று ஏன் உங்களுக்கு நாற்றம் தெரியவில்லை?

அன்புடன்,
ஜூடு


நாகமலை புதுக்கோட்டை,
15-3-2025

அன்புள்ள ஜூடுக்கு,

சுகம். தவசு காலம் என்பதால் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போய்வருகிறேன். முட்டி போட்டு எழுந்திருப்பதில் இந்தக் கோயிலில் இன்னும் நான்தான் முதல்.

துடைத்தால் போதாதா என்று கேட்டாயே, நீ யார் பிள்ளை? சனிக்கிழமை வாளி வாளியாய் ஊற்றி வீட்டைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புவது அம்மா காலத்திலிருந்து இருக்கிற வழக்கம். சின்ன வயதில் நீயும் விளக்குமாற்றோடு அந்தத் தண்ணீரில் வழுக்கி விளையாடியவன்தான். துடைப்பது எல்லாம் கழுவினதாகுமா?

ஆனாலும் உன்னைப் பதற வைப்பதில் எனக்கு ஆசை இல்லை. அதற்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். இனி அந்தக் கருவிகள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. சனிக்கிழமை நீ நிம்மதியாக வேலைக்குப் போகலாம், சோணையம்மாளுக்கும் போன் மிச்சம்.

பெர்சியிடம் ஈஸ்டருக்கு என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டு எழுது.

அக்கா,
தங்கம்


வதோதரா,
12-4-2025

அக்காவுக்கு,

நலம். நாளை குருத்து ஞாயிறு. உங்களுக்கு எங்கள் வாழ்த்து.

ஏற்பாடு என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். கேஸ் கருவி அது இருக்கிற இடத்தின் சூட்டையும் எனக்குக் காட்டும். மார்ச் மாத நடுவிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு நாலு டிகிரி ஏறுகிறது, ஏழு இருபதுக்கு இறங்குகிறது. தரையோரத்தில் அந்த நேரத்துக்கு என்ன சூடு என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெர்சிதான் சொன்னாள், ஏழு மணிக்கு அக்கா மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபமாலை சொல்வார்கள் என்று.

கருவியைத் திருஇருதய ஆண்டவர் பீடத்தில் வைத்திருக்கிறீர்கள். தண்ணீர்க் கருவியும் அவர் பக்கத்தில்தான் இருக்கும். சரிதானே?

கேஸ் மேலே ஏறாது அக்கா. உங்கள் தோள் உயரத்துக்கு அது வருவதற்குள் வீடு முழுக்க நிரம்பியிருக்கும். ஆண்டவர் காப்பாற்றுவார் என்றால் நான் எதற்கு? ஒரு முழம் என்று எழுதினேன். நீங்களே அளந்தும் காட்டினீர்கள்.

மூக்கு நன்றாக இருக்கிறவர்களுக்குக் கருவி எங்கே இருந்தாலும் பாதகமில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மூன்றாம் முறை. உங்களுக்கு வாசனை தெரிகிறதா, இல்லையா?

பதில் சொல்லாவிட்டால் ஜூனில் வந்து கையோடு கூட்டிவந்துவிடுவேன்.

ஜூடு


வதோதரா,
20-5-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு வரி வரவில்லை. சோணையம்மாவைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்காக, பேச்சுத்தான் இல்ல" என்கிறார்.

ஏப்ரல் 22-லிருந்து ஏழு மணிச் சூடு நின்றுவிட்டது. சனிக்கிழமைத் தண்ணீரும் திரும்ப வருகிறது. இரண்டையும் கீழே இறக்கிவிட்டீர்கள். நன்றி.

அந்தக் கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். தினமும் ஏழு மணிக்குப் போனை எடுத்து அந்தச் சூடு ஏறுவதைப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. அக்கா ஜெபம் சொல்கிறாள், அக்கா நன்றாக இருக்கிறாள் என்று தெரியும். நான் சொல்லித்தான் கீழே இறக்கினீர்கள். இப்போது ஏழு மணிக்கு எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

தம்பி,
ஜூடு


நாகமலை புதுக்கோட்டை,
8-6-2025

என் அன்புத் தம்பி ஜூடுக்கு,

நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

புதன்கிழமை காலை பதினோரு மணி. டீ போடலாம் என்று அடுப்பங்கரைக்குள் போனேன். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை இல்லை, தரை காய்ந்து கிடந்தது. பால் வைக்கவில்லை, அடுப்பு அடைத்திருந்தது. கருவி கெட்டுப்போய்விட்டது, ஜூடு வாங்கின லட்சணம் இவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனாலும் சந்தேகத்துக்கு நன்றாக மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. லைட்டரைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான், முகர்ந்து பார்க்க எனக்கு மூக்கு எங்கே இருக்கிறது என்ற நினைவு வந்தது.

ஆமாம் ஜூடு. எனக்கு வாசனை தெரியாது. 2021-இல் கொரோனா வந்து போனதே, அதோடு போனது திரும்பவில்லை. மல்லிகைப்பூ, சாம்பிராணி, கருகின சோறு எல்லாம் எனக்கு ஒன்றுதான். நாலு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. காது போனதற்கே நீ வதோதரா என்றாய், மூக்கும் போனது தெரிந்தால் என்னை விடுவாயா என்று பயந்தேன். மற்றவர்களை ஏமாற்றி ஏமாற்றி எனக்கே மறந்துவிட்டது. லைட்டரைத் தட்டியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

உன் டிரில்லைத்தான் செய்தேன். லைட்டரை மெதுவாகக் கீழே வைத்தேன். சுவிட்சைத் தொடவில்லை. சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, தெருவுக்கு வந்து விசில் ஊதினேன். என் வாழ்நாளில் அப்படி ஊதியதில்லை. சோணையம்மாள் மாவுக் கையோடு ஓடிவந்து கேட்டைத் தாண்டும்போதே மூக்கைப் பொத்தினாள். "டீச்சரே, உள்ள போயிராதீங்க. இம்புட்டு நாத்தம் அடிக்குது, தெரியலையா?" அவள் குரலுக்கு எனக்குக் காது மெஷின் வேண்டாம். பிறகு பேயாண்டி வந்து பார்த்தான். சிலிண்டருக்குப் பின்னால் ரப்பர் டியூபை எலி கடித்திருந்தது. அடுத்த நாளே கம்பி வலை போட்ட டியூப் மாற்றிவிட்டோம்.

அன்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். சோணையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குக் கிறிஸ்துமசுக்கே தெரியும் டீச்சர். ஊசிப்போன கொழம்ப மூக்கு இருக்கவுக திம்பாகளா?"

ராத்திரி படுத்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழம்பை நான் ஒருத்தி மட்டும் சாப்பிடவில்லை. என்னைவிட மூன்று இட்லி அதிகமாகப் போட்டு, "அக்கா, உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று சட்டியை வழித்தவன் நீ.

இப்போது நான் கேட்கிறேன். நீ எப்படிடா சாப்பிட்டாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அக்கா,
தங்கம்


வதோதரா,
17-6-2025

என் அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகம் என்ற முதல் வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதற்குமேல் படிக்கப் படிக்க எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. புதன்கிழமை எனக்கும் செய்தி வந்தது. நான் சோணையம்மாவைக் கூப்பிட்டபோது அவர் ஏற்கெனவே உங்கள் வீட்டு வாசலில் நின்றார். "டீச்சரு நல்லா இருக்காக, மிச்சத்த அவுகளே எழுதுவாக" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இந்தப் பத்து நாளும் அந்த மிச்சத்துக்காகத்தான் இருந்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எனக்கும் தெரியாது அக்கா. அதே வருஷம், அதே கொரோனா. உங்களுக்கு மே என்றால் எனக்கு ஏப்ரல்.

கேஸ் வேலையில் இருக்கிறவனுக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று வெளியே சொல்லவில்லை. கையில் எடுத்துப்போகும் சின்ன மீட்டர் இல்லாமல் ஒரு அடி வைக்க மாட்டேன். ஜாக்கிரதையான ஆள் என்று எனக்கு நல்ல பெயர். உள்ளே எவ்வளவு பயம் என்று எனக்குத்தான் தெரியும். சோணையம்மா அன்று குழம்பைக் கொட்டியபோது நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். தப்பு செய்து மாட்டிக்கொண்ட முகம். என் முகமும் அப்படித்தான் இருக்கும். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் உங்களை அப்படித் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்களும் அன்றே சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பெர்சியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கேட்டாள்: "ரெண்டு வருஷமா நான் பிரியாணிக்குப் பட்டை, ஏலக்காய் கொறச்சிப் போட்டுச் சோதிச்சுப் பாத்தேன். ஒவ்வொரு வாட்டியும் வாசனை தூக்குதுன்னு சொன்னீங்களே, அது என்ன வாசனை?" அன்று எனக்குச் சாப்பாடு மட்டும்தான், பேச்சு இல்லை.

திங்கட்கிழமை பாதுகாப்பு அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று நன்றாகத் திட்டினார். பிறகு வெளி ரவுண்டிலிருந்து எடுத்து, கருவிகளைச் சரிபார்க்கும் பட்டறையில் போட்டார். சம்பளத்தில் மாற்றமில்லை, இனி சனிக்கிழமையும் லீவு. நாலு வருஷத்துக்குப் பிறகு நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. முடிந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். வதோதராப் பேச்சு இனி இல்லை. நீங்கள் உங்கள் வீட்டிலேயே இருங்கள்.

அன்புத் தம்பி,
ஜூடு


நாகமலை புதுக்கோட்டை,
27-6-2025

அன்புள்ள ஜூடுக்கு,

நான் சுகம். பெர்சி உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டாளா? இன்னும் இல்லை என்றால் அவள் பக்கம்தான் நியாயம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன். அம்மா பெற்ற ரெண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு மூக்கு இல்லை. எனக்கு மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. மைதானத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது பதினாறு பேரும் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து, கெட்டுப்போனதா என்று முகர்ந்து பார்த்த பிறகுதான் எனக்குக் கொடுக்கிறார்கள்.

உன் கடிதம் மூன்று பக்கம். ஊருக்கெல்லாம் கருவி மாட்டுகிறவன் உன் வீட்டில் ஒன்று மாட்டியிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதவில்லை. பெர்சி பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு தனியாக டீ போடுகிறவன் நீதானே? மாட்டியிருந்தால் ஏன் என்று அவள் கேட்பாள், அதனால் மாட்டவில்லை. உன்னை எனக்குத் தெரியாதா?

ஜூலை முடிவதற்குள் மாட்டு. எனக்கு வைத்தது போலவே எல்லாம் வேண்டும். செய்தி என் போனுக்கும் வர வேண்டும். தரையிலிருந்து ஒரு முழம். மீறினால் நானே வதோதராவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன்.

அக்கா,
தங்கம்


நாகமலை புதுக்கோட்டை,
2-8-2025

அன்புள்ள தம்பி ஜூடுக்கும் பெர்சிக்கும்,

ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். சோணையம்மாள் உங்களை விசாரித்தாள். பேயாண்டி தொப்பையோடு மைதானத்துக்கு வர ஆரம்பித்திருக்கிறான்.

நீ உன் வீட்டில் மாட்டிய கருவிகளின் செய்தி என் போனுக்கு வருகிற மாதிரி பேயாண்டி போன வாரமே செய்துகொடுத்தான். சத்தம் எனக்குப் பயன்படாது, போன் முழுக்கச் சிவப்பாக மின்னும்படி வைத்திருக்கிறான்.

இன்று காலை ஏழு பத்து. நான் இங்கே வாளியோடு நிற்கிறேன். கேஸ் கருவி இருக்கிற சுவரை மட்டும் இப்போது துணியால் துடைக்கிறேன், மற்ற இடமெல்லாம் தண்ணீர்தான். என் விளக்கு மின்னுகிறது, அது வழக்கம். மேஜை மேல் போனும் மின்னியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். 'ஜூடு வீடு, சமையலறை, தரையில் தண்ணீர்.'

குழாய் உடைந்துவிட்டதோ, நீ விழுந்துவிட்டாயோ, பெர்சி எங்கே என்று ஆயிரம் நினைப்பு. உனக்குப் போன் போடச் சொல்லிச் சோணையம்மாளைக் கூப்பிட விசிலை வாயில் வைத்துவிட்டேன். நாலு சனிக்கிழமை நீ எப்படி இருந்திருப்பாய் என்று அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்தது.

அப்புறம்தான் இன்று சனிக்கிழமை என்று உறைத்தது.

விசிலைக் கீழே வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, உன் வீட்டுத் தண்ணீர் வடிந்து அந்தச் சிவப்பு அணைகிற வரை ஈரத்தில் கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. பரவாயில்லை, நன்றாகத்தான் கழுவுகிறாய். அடுப்புக்கு அடியில் தேய்த்தாயா?

அக்கா,
தங்கம்